டாக்சி இல்லாமல் லண்டன்

“லண்டனில் டாக்சியே எடுக்காமல் பத்து நாள் சமாளிக்க முடியுமா?” வெளிநாட்டுப் பயணம் பற்றிய நம் கலந்துரையாடலில் அதிகமானோர் கையை உயர்த்திக் கேட்ட கேள்வி இதுதான். சுற்றுலாக் குழுவோடு போவது நல்லதா, சொந்தமாகப் போவது நல்லதா என்றுதான் பேச்சைத் தொடங்கினோம். அரைமணி நேரத்திற்குள் அது ரயிலுக்கும் பேருந்துக்கும் தாவிவிட்டது. அதில் வியப்பில்லை. நம்மில் பலர் குழுவோடு போவதற்குக் காரணம் குழுவின் மேல் உள்ள ஆசை அல்ல. தெரியாத ஊரில் வழி தவறிவிடுவோமோ என்ற பயம்தான்.

பார்வையாளர் வரிசையில் ஓர் அம்மா இருந்தார். வயது 64. அவருடைய மகள் லண்டனில் ஈஸ்ட்ஹாம் பகுதியில் குடியிருக்கிறார், மருத்துவமனையில் தாதியாக முறைப்பணி செய்கிறார். மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார். “ஒரு மாதம் போய் நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவா? இல்லை, இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வருகிற பிள்ளையை எழுப்பி, என்னைக் கூட்டிப்போ என்று கேட்கவா? அதற்குப் போகாமலேயே இருந்துவிடலாம்” என்றார். முழங்கால் வலி வேறு. பயணச்சீட்டு வாங்காமலேயே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறாராம்.

தொகுப்பாளர் இருக்கையில் இருக்கும்போது சொந்தக் கருத்தைச் சொல்லக்கூடாது என்பார்கள். எழுதும்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே சொல்கிறேன்: அம்மா, நீங்கள் தாராளமாகப் போகலாம். எப்படி என்பதைத்தான் ஒளிபரப்பில் நேரம் போதாமல் பாதியில் விட்டோம். மீதி இங்கே.

முதலில் பணம் செலுத்தும் முறை. லண்டன் பேருந்துகளில் 2014 ஜூலை மாதத்திலிருந்து ரொக்கம் வாங்குவதில்லை. ஓட்டுநரிடம் நாணயத்தை நீட்டினால் தலையை ஆட்டிவிடுவார். 2003இல் அறிமுகமான ‘ஆய்ஸ்டர்’ அட்டை இன்றும் உண்டு. நம் ஈசிலிங்க் போலப் பணம் நிரப்பிப் பயன்படுத்துவது. அந்த அட்டையை வாங்கவே ஒரு கட்டணம் உண்டு, அது திரும்பக் கிடைக்காது. சில நாட்களுக்குப் போகிற பெரியவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். உங்கள் கையில் இருக்கிற வங்கி அட்டையில், பக்கவாட்டில் நான்கு வளைகோடுகள் போட்ட அந்தத் தொடுமுறைச் சின்னம் இருந்தால் அதுவே போதும். 2012 கடைசியில் பேருந்துகளிலும் 2014 செப்டம்பரில் ரயில்களிலும் அந்த வசதி வந்தது. கட்டணமும் ஆய்ஸ்டரில் பெரியவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவுதான். ஒன்று மட்டும்: வெளிநாட்டில் பயன்படுத்தினால் வங்கி கூடுதலாக எவ்வளவு பிடிக்கும் என்று புறப்படும் முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கப் பத்து முறை தொட்டாலும் அன்றைய மொத்தத் தொகையைச் சேர்த்துத்தான் வங்கிக் கணக்கிலிருந்து எடுப்பார்கள். அதனால் ஒவ்வொரு தொடலுக்கும் தனிக் கட்டணம் விழுமோ என்று அஞ்ச வேண்டாம்.

இந்த இடத்தில் அரங்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. “வாயிலில் மீதி எவ்வளவு என்று காட்டாதே!” உண்மைதான். நம் ஊரில் 2024 ஜனவரியில் பழைய முறை அட்டைகளை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது இதைச் சொல்லித்தான் பலரும், குறிப்பாக மூத்தோர், வருத்தப்பட்டார்கள். இரண்டே வாரத்தில் அந்த முடிவு மாற்றப்பட்டதும் நினைவிருக்கும். லண்டனில் வங்கி அட்டையைத் தொட்டால் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும், அவ்வளவுதான். கணக்குப் பார்த்தே பழகியவர்களுக்கு அது உறுத்தும். ஆனால் அங்கே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு அதற்குமேல் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் கட்டணம் ஏறாது. திங்கள் முதல் ஞாயிறு வரை கணக்கிடும் வார உச்சவரம்பும் உண்டு. வியாழக்கிழமை போய் இறங்குகிறவருக்கு அந்த வாரம் பெரிய பயன் இராது. திங்கட்கிழமை இறங்கினால் நல்ல லாபம்.

இந்த உச்சவரம்பு சரியாக வேலை செய்ய வேண்டுமானால் ஒரே அட்டையைக் காலை முதல் இரவு வரை தொட வேண்டும். காலையில் அட்டை, மாலையில் அதே அட்டை ஏற்றப்பட்ட கைத்தொலைபேசி என்று மாற்றினால் கணினி அவற்றை இரண்டு வெவ்வேறு ஆளாக எண்ணிக்கொள்ளும். கணவனும் மனைவியும் ஒரே அட்டையைப் பகிரவும் முடியாது. ஆளுக்கு ஒன்று வேண்டும். ரயிலில் நுழையும்போதும் தொட வேண்டும், வெளியேறும்போதும் தொட வேண்டும். மறந்தால் எங்கே இறங்கினீர்கள் என்று தெரியாமல் உச்சக் கட்டணத்தைப் பிடித்துவிடுவார்கள். சில நிலையங்களில் கதவே இருக்காது, வெறும் மஞ்சள் வட்டம் பொருத்திய கம்பம்தான் நிற்கும். அங்கேதான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பேருந்தில் இதற்கு நேர்மாறு. ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். இறங்கும்போது தட்டுவது நம் சிங்கப்பூர்ப் பழக்கம். அங்கே தேவையில்லை.

மூத்தோர் சலுகை உண்டா என்று கேட்டவர்களுக்கு: சுற்றுப்பயணிகளுக்கு இல்லை. 60 வயதானவர்களுக்கான இலவசப் பயண அட்டை லண்டன்வாசிகளுக்கு மட்டுமே. பேரப்பிள்ளைகளுக்கு நல்ல செய்தி. 11 வயதுக்கு உட்பட்டவர்கள் பேருந்தில் இலவசம், பாதாள ரயிலில் கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவரோடு நான்கு பிள்ளைகள் வரை இலவசம். 11 முதல் 15 வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் ஆய்ஸ்டர் அட்டை வாங்க வேண்டும். நிலைய ஊழியரிடம் கேட்டால் 14 நாட்கள் வரை அரைக் கட்டணம் விழும்படி அதில் பதிவு செய்து தருவார்.

அடுத்தது வரைபடம். லண்டன் பாதாள ரயில் 1863 ஜனவரி 10இல் பாடிங்டனுக்கும் ஃபேரிங்டனுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. உலகிலேயே முதலாவது. அன்று நீராவி எஞ்சின்தான், சுரங்கத்திற்குள் புகையோடு போனார்கள். இன்று 11 தடங்கள், 272 நிலையங்கள், ஏறத்தாழ 400 கிலோமீட்டர். வரைபடத்தைப் பார்த்தால் நூற்கண்டு சிக்கியதுபோல் இருக்கும். ஆனால் அதன் முதல் வடிவத்தை வரைந்த ஹாரி பெக் செய்த உதவி பெரிது. 1931இல் அவர் மின்சுற்றுப் படம் போல நேர்க்கோடுகளும் சாய்கோடுகளுமாக வரைந்து காட்டினார். 1933இல் அது மக்கள் கைக்கு வந்தது. நம் பெருவிரைவு ரயில் வரைபடமும் அந்த வழியில் வந்ததுதான்.

அந்தப் படத்தில் ஒரு பொய் இருக்கிறது. தூரத்தை அது காட்டாது. லெஸ்டர் ஸ்குவேர், கோவென்ட் கார்டன் என்ற இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 260 மீட்டர்தான். நம் அடுக்குமாடிப் பேட்டையில் இரண்டு மூன்று புளோக் நடக்கிற தூரம். விவரம் தெரியாத பயணிகள் அதற்கு ரயில் ஏறுகிறார்கள். கோவென்ட் கார்டனில் மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியில் ஏறினால் அது 193 படிகள்! ஆகவே நடுநகரில் ஒன்றிரண்டு நிலையங்கள் தள்ளிப் போக வேண்டும் என்றால் முதலில் தெருவில் நிற்கும் வழிகாட்டிப் பலகையைப் பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 5 நிமிடம், 15 நிமிடம் நடந்தால் எதுவரை போகலாம் என்று வட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள். லண்டனின் நல்ல அம்சங்களில் அது ஒன்று. ஆனால் கைத்தொலைபேசியைச் சாலையோரமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து பறித்துப் போகிறவர்கள் அங்கே உண்டு. கடை வாசலுக்குள் ஒதுங்கிப் பாருங்கள்.

நம்மவர்கள் தடுமாறும் இடம் திசைதான். இங்கே கடைசி நிலையத்தின் பெயரைப் பார்த்து ஏறுகிறோம். அங்கே முதலில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று பிரித்து, பிறகு எந்தக் கிளை என்று சொல்வார்கள். ஒரே நடைமேடையில் வெவ்வேறு ஊருக்குப் போகும் ரயில்கள் அடுத்தடுத்து வரும். நார்தர்ன் தடம் நடுநகரில் இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்கிறது. ஒன்று பேங்க் வழி, மற்றொன்று சேரிங் கிராஸ் வழி. அதனால் தடத்தின் நிறத்தை மட்டும் பார்த்து ஏறாதீர்கள். நடைமேடையில் தொங்கும் பலகையில் ரயில் போய்ச்சேரும் இடத்தையும் படியுங்கள். தவறான ரயிலில் ஏறிவிட்டாலும் குடி முழுகிப்போகாது. அடுத்த நிலையத்தில் இறங்கி, வாயிலைத் தாண்டாமல், சரியான ரயிலுக்குக் காத்திருந்தால் போதும்.

இப்போது அந்த அம்மாவின் முழங்காலுக்கு வருவோம். பழைய ஊர், பழைய சுரங்கம். பாதாள ரயில் நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் படி ஏறாமல் தெருவிலிருந்து நடைமேடைக்குப் போக முடியும். எல்லா நிலையத்திலும் மின்தூக்கி இருக்கும் சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்கு இது அதிர்ச்சிதான். வரைபடத்தில் சக்கர நாற்காலிச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். நீல நிறச் சின்னம் என்றால் தெருவிலிருந்து ரயிலுக்குள் வரை படியில்லை. வெள்ளைச் சின்னம் என்றால் நடைமேடை வரை படியில்லை, ரயிலுக்கும் மேடைக்கும் இடையே மேடுபள்ளமோ இடைவெளியோ இருக்கலாம். 2022 மே மாதம் திறந்த எலிசபெத் தடத்தில் இந்தக் கவலை இல்லை. அதன் 41 நிலையங்களிலும் படியில்லாமல் போய்வரலாம். டிஎல்ஆர் எனப்படும் இலகு ரயிலிலும் அப்படியே. அதில் ஓட்டுநர் இருக்கை இல்லாததால் முன் கண்ணாடி ஓரம் உட்கார்ந்து கிரீனிச் வரை வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். நம் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கிய 1987ஆம் ஆண்டில்தான் அதுவும் ஓடத் தொடங்கியது.

ஆனால் முழங்கால் வலிக்காரர்களுக்கு என் சிபாரிசு பேருந்து. தாழ்தளப் பேருந்துகள், சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பலகை உண்டு, அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வருவார்கள், எழுத்திலும் காட்டுவார்கள். முதல் பேருந்தில் அட்டையைத் தொட்ட ஒரு மணி நேரத்திற்குள் எத்தனை பேருந்து மாறி ஏறினாலும் ஒரே கட்டணம். ரயிலைவிட மலிவு. நேரம் அதிகமாகும் என்பதுதான் ஒரே குறை. சுற்றிப்பார்க்கப் போனவருக்கு அது குறையா? ஒவ்வொரு நிறுத்தத்தின் உச்சியிலும் ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். ஒரே பெயரில் நான்கைந்து நிறுத்தங்கள் இருப்பதால் அந்த எழுத்தைப் பார்த்தால்தான் சரியான இடத்தில் நிற்கிறோமா என்று தெரியும்.

சரி, ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு நாள் பயணம் எப்படிப் போகலாம்? காலை 9.30 மணி கழியட்டும். வாரநாட்களில் 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் உச்சநேரம். கட்டணமும் கூடுதல், உட்கார இடமும் கிடைக்காது. ஈஸ்ட்ஹாம் நிலையத்தில் பச்சை நிற டிஸ்ட்ரிக்ட் தடமும் இளஞ்சிவப்பு ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி தடமும் நிற்கும். உங்களுக்குப் பச்சை வேண்டும். தவறி இளஞ்சிவப்பில் ஏறிவிட்டால் ஆல்ட்கேட் ஈஸ்ட்டில் இறங்கிப் பச்சைக்கு மாறுங்கள். இந்த இரண்டு தடங்களிலும் ரயில்களுக்குக் குளிர்சாதனம் உண்டு. ஆழத்தில் ஓடும் சென்ட்ரல், பேக்கர்லூ போன்ற தடங்களில் கிடையாது, கோடையில் வெந்துவிடும். மாறாமல் நேரே வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்குங்கள். அங்கே மின்தூக்கி இருக்கிறது. வெளியே வந்து தலையை நிமிர்த்தினால் பிக்பென். நாடாளுமன்றத்தைப் பார்த்துவிட்டு வைட்ஹால் சாலையில் மெல்ல நடந்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் டிரஃபால்கர் சதுக்கம். நடக்க முடியாவிட்டால் அதே சாலையில் வடக்கே போகும் 24ஆம் எண் பேருந்து இருக்கிறது. சதுக்கத்தின் அருகிலிருந்து புறப்படும் 15ஆம் எண் பேருந்தில் ஏறினால் ஃபிளீட் தெரு, செயின்ட் பால் தேவாலயம் என்று பார்த்துக்கொண்டே லண்டன் கோபுரம் வரை போகலாம். அங்கேயுள்ள டவர் ஹில் நிலையத்திலும் மின்தூக்கி உண்டு. மறுபடியும் பச்சைத் தடம், கிழக்கே போகும் ரயில், ஈஸ்ட்ஹாம். மகள் தூங்கி எழுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

முதல் இரண்டு நாள் ஈஸ்ட்ஹாமிலேயே சுற்றுங்கள் என்பேன். ஹைஸ்ட்ரீட் நார்த் தெருவில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம், தோசையும் கிடைக்கும், தயங்காமல் தமிழிலேயே வழி கேட்கலாம். கொஞ்சம் துணிவு வந்ததும் ஹைகேட்ஹில் முருகன் கோவிலுக்குப் போய்வரலாம். எலிசபெத் மகாராணியார் 2002இல் தம் பொன்விழா ஆண்டில் வந்துபோன கோவில். நார்தர்ன் தடத்தில் ஹைபார்னெட் கிளை ரயிலில் ஆர்ச்வேயில் இறங்கி, ஆர்ச்வே ரோடு மேட்டில் ஏறிப்போகும் 43 அல்லது 134ஆம் எண் பேருந்தைப் பிடிக்க வேண்டும். இதற்கு ரயில் மாற வேண்டியிருக்கும். ஆகவே முதல் வாரத்தில் வேண்டாம்.

சில சில்லறை விஷயங்கள். மின்படிக்கட்டில் நாம் இடப்பக்கம் நிற்கிறோம், அங்கே வலப்பக்கம் நிற்க வேண்டும். இடப்பக்கம் நின்றால் பின்னால் வருபவர் ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்பார். அந்தக் குரலில் பணிவைவிட எரிச்சல்தான் அதிகம் இருக்கும். சனி, ஞாயிறுகளில் பராமரிப்புக்காகச் சில தடங்களின் பகுதிகளை மூடிவிடுவார்கள், முந்திய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஊழியர் வேலைநிறுத்தமும் வரும், அதையும் முன்கூட்டியே அறிவிப்பார்கள். வெள்ளி, சனி இரவுகளில் ஐந்து தடங்களில் விடிய விடிய ரயில் உண்டு. டிஸ்ட்ரிக்ட் தடம் அதில் இல்லை.

எம்பேங்க்மென்ட் நிலையத்தில், நார்தர்ன் தடத்தின் வடக்கு நோக்கிய மேடையில், ‘இடைவெளியைக் கவனியுங்கள்’ என்ற பொருள்பட ஓர் ஆண்குரல் கேட்கும். ஆஸ்வல்ட் லாரன்ஸ் என்ற நடிகரின் பழைய பதிவு. அவர் 2007இல் காலமானார். கணவரின் குரலைக் கேட்பதற்காகவே அவர் மனைவி அந்த மேடையில் வந்து உட்கார்வாராம். புதிய அறிவிப்பு முறை வந்து குரல் நின்றுபோனதும் அவர் போய்க் கேட்டார். 2013இல் அந்த ஒரு மேடையில் மட்டும் பழைய குரலைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் ஒரு ரயிலை விட்டுவிட்டு நின்று கேளுங்கள்.

கடைசியாக விமான நிலையம். ஹீத்ரோவிலிருந்து நகருக்குள் வர மூன்று ரயில்கள். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 15 நிமிடத்தில் பாடிங்டனில் விட்டுவிடும், விலை அதிகம். எலிசபெத் தடம் அதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் எடுக்கும், நடுநகரைக் கடந்து கிழக்கே வைட்சேப்பல் வரை மாறாமல் போகும், அங்கே மின்தூக்கியில் ஏறி டிஸ்ட்ரிக்ட் தடத்திற்கு மாறலாம். பிக்கடில்லி தடம் மெதுவானது, ஆனால் கட்டணம் எலிசபெத் தடத்தில் பாதிக்கும் குறைவு. பெட்டியோடு போகும் அம்மாவுக்கு நான் பிக்கடில்லியைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஹேமர்ஸ்மித்தில் இறங்கினால் டிஸ்ட்ரிக்ட் ரயில் அதே மேடையின் எதிர்ப்பக்கத்தில் வரும். பெட்டியை உருட்டிக்கொண்டு பத்தடி நடந்தால் போதும். பலகையில் அப்மின்ஸ்டர் அல்லது பார்க்கிங் என்று இருக்க வேண்டும். பார்க்கிங் என்றால் கார் நிறுத்துமிடம் அல்ல, அது ஓர் ஊர்.

திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். ஈஸ்ட்ஹாமிலிருந்து மேற்கே ஈலிங் பிராட்வே அல்லது ரிச்மண்ட் போகும் ரயிலில் ஏறுங்கள். விம்பிள்டன் ரயில் ஹேமர்ஸ்மித் போகாது. ஹேமர்ஸ்மித்தில் மாறும்போது பிக்கடில்லி ரயிலின் முகப்பில் ஹீத்ரோ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்டன் டவுனுக்குப் பிறகு தடம் பிரிந்துவிடும், மற்றது அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் போய்விடும். ஹீத்ரோ ரயில்களிலும் 4ஆம் முனையம் போவது வேறு, 5ஆம் முனையம் போவது வேறு. இரண்டுமே 2, 3ஆம் முனையங்களில் நிற்கும். உங்கள் முனைய எண்ணைப் பயணச்சீட்டில் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முனையம் மாறி இறங்கிவிட்டாலும் பதற வேண்டாம். முனையங்களுக்கு இடையே எலிசபெத் தடத்திலும் ஹீத்ரோ எக்ஸ்பிரஸிலும் இலவசமாக மாறிக்கொள்ளலாம். அதற்காக அரைமணி நேரம் முன்னதாகவே வீட்டிலிருந்து கிளம்பிவிடுங்கள்.